சுழலாத ஆறு பேர்

ரயில் மேடையில் விசில் ஊதுகிறார்கள். குட்டையாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று. கதவுகள் மூடுகின்றன, ஆட்கள் ஓடுகிறார்கள், யாரோ ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடைசி நொடியில் உள்ளே விழுகிறார். விசில் என்றால் இந்த நாட்டில் எல்லாம் அசையும். எனக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் ஆறு ஆண்கள் அசையாமல் நிற்பது தெரிகிறது. பச்சைப் பனியன், வெள்ளைக் காற்சட்டை, முழங்காலில் ஊன்றிய கை, பந்தில் ஊன்றிய கண். "அசையுங்கோ அண்ணை, அசையுங்கோ" என்று கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிற பெண் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்போது எனக்கு முப்பது ஆகவில்லை. இப்போது ஐம்பதைத் தாண்டி நிற்கிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மீது என்று கேட்டால் ஒழுங்காக ஒருவரைச் சுட்டிக் காட்டவும் தெரியவில்லை.

ஜெர்மனியில், ரூர் பக்கத்து ஒரு நடுத்தர நகரம். அதன் பெயர் வேண்டாம். ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம், ஒரு கால்வாய், மூன்று தேவாலயங்கள், மழை. எங்கள் கரப்பந்தாட்ட அணியின் கப்டன் ஹைமில் இருந்தார். ஹைம் என்று நாங்கள் சொல்வது அகதிகளை வைத்திருந்த விடுதி. அவருடைய வழக்கு முடியவில்லை, முடியாதபடியால் வேலை செய்ய அனுமதியில்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். கடிதம் வருகிற மாதங்கள் உண்டு, வராத மாதங்கள் உண்டு. வராத மாதங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றபடி தேத்தண்ணி குடித்துவிட்டு, இருக்கச் சொன்னாலும் இருக்காமல் போய்விடுவார்.

அவர்தான் ஒரு நாள் கேட்டார். நான் அப்போது முதியோர் இல்லத்தில் ஆவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தேன். வேலை பழகுகிற அந்த மூன்று வருடங்களில் கிழவிகளோடு பேசிப் பேசி என் ஜெர்மன் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நேராகிவிட்டது. அதனால் அலுவலகங்களில் சந்திக்கிற டெர்மின் என்றால் நான், வக்கீல் என்றால் நான், பல் வலி என்றால் நான்.

"தங்கச்சி, உங்களுக்குத் திங்கள் எண்டால் வேலை தொடங்குது, வெள்ளி எண்டால் முடியுது. எனக்கு எல்லாம் ஒண்டுதான். காலமை எழும்பி இண்டைக்கு என்ன கிழமை எண்டு சமையலறைக் கலண்டரைப் போய்ப் பாக்கிறன். எனக்குக் கிழமையிலை ஒரு சனிக்கிழமை வேணும்."

"சனிக்கிழமையை நான் எங்கை அண்ணை எடுத்துத் தாறது?"

"அந்தப் பள்ளிக்கூட ஹோல்" என்றார்.

ஹைமுக்கு எதிர்ப்புறம் ஒரு பள்ளிக்கூடம். அதன் உடற்பயிற்சி மண்டபம் அவருடைய ஜன்னலுக்கு நேரே தெரியும். மற்ற நாட்களில் மாலையில் விளக்கு எரியும், பந்து அடிபடும் சத்தம் கேட்கும். சனிக்கிழமைகளில் அது இருட்டாகக் கிடந்தது. கோடையில் நாங்கள் கால்வாய்க் கரைப் புல்வெளியில் நெட் கட்டி விளையாடுவோம். ஒக்டோபர் வந்தால் புல் சேறாகும், நெட்டைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார்கள். பிறகு ஏப்ரல்வரை ஹைமில் கடுதாசிச் சீட்டு விளையாட்டும், அதில் தொடங்கும் சண்டையும், சண்டைக்குப் பிறகான மௌனமும்தான். போன குளிர்காலத்து மௌனத்தைக் கப்டன் எனக்கு விவரிக்கவில்லை. இன்னொன்று வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

நகரசபையின் விளையாட்டு அலுவலகத்துக்கு நானும் அவரும் போனோம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அலுவலர். நல்ல மனிதர் போலத்தான் சிரித்தார். உங்களை எங்களுக்குத் தெரியாதே, நீங்கள் சங்கமா, அணியா, நண்பர்கள் கூட்டமா என்று கேட்டார். பிறகு தானே ஒரு வழியும் சொன்னார். செப்டெம்பரில் சுற்றுவட்டார நகரங்களில் வாழும் வெளிநாட்டவர்களுக்கு ஒரு விளையாட்டு விழா நடக்கிறது. நாடு நாடாக அணிகள் வரும். உதைபந்து, கரப்பந்து, மேசைப்பந்து, ஓட்டம், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. நீங்களும் வாருங்கள், கரப்பந்தில் உங்கள் மூன்று ஆட்டங்களையும் பாதியில் விடாமல் ஆடி முடியுங்கள், அதற்குப் பிறகு நீங்கள் எங்களுக்கு ஓர் அணி, சனிக்கிழமை மண்டபம் ஒரு பிரச்சினையே இல்லை.

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கப்டன் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வருகிற வழியில் அவர் நடந்த வேகத்துக்கு எனக்கு ஓட வேண்டியிருந்தது.

நாடு என்றவுடன் சண்டை வந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஏழு ஆண்கள் ஒரு மாலை முழுக்க இருந்து, எந்தப் பெயருக்குப் பின்னால் நடப்பது என்று வாதாடினார்கள். எங்களைத் துரத்திய நாட்டின் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் நான் நடக்கமாட்டேன் என்று ஒருவர். நடக்காவிட்டால் ஹோல் இல்லை என்று இன்னொருவர். எனக்கு அடுத்த நாள் காலை வேலை. கோப்பைகளைக் கழுவிக் கழுவி வைத்தேன், அவர்கள் திரும்பத் திரும்பத் தேத்தண்ணி கேட்டார்கள். என் கணவர்தான் கடைசியில் சொன்னார்: "நாடு எண்ட இடத்திலை வொலிபோல் எண்டு எழுதுங்கோ. அதிலையாவது எல்லாரும் ஒரு கட்சி."

அதில் எல்லாரும் ஒரு கட்சிதான். அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் கரப்பந்தாட்டம் என்றால் ஓவர்கேம். அதை விளக்க வேண்டிய தேவை எங்களில் ஒருவருக்கும் வந்ததேயில்லை. ஓவர்கேமில் அவரவர் இடம் அவரவருக்கு. நெட்டுக்கு நிற்பவர் ஆட்டம் முடியும்வரை நெட்டுக்குத்தான். பின்னுக்கு நிற்பவர் பின்னுக்குத்தான். ஒருவன் பத்து வயதில் எந்த மூலையில் நின்றானோ அந்த மூலையில் நின்றே கிழவனாவான். எங்கள் அணியில் சேர்விஸ் போடுவது என் கணவர், வேறு யாரும் போட்டு நான் கண்டதில்லை. ஆள் கட்டை, கை இரும்பு. நெட்டுக்கு நிற்பவரை எல்லாரும் நெட் அண்ணை என்றே கூப்பிட்டோம். பனை உயரம். பிற்ஸாக் கடைக் குசினியில் வேலை. ஊரில் தேவாலயத் திருநாள் சுற்றுப்போட்டிகளில் அவருடைய அடிக்குப் பயந்து எதிரணிகள் ஆள் மாற்றுவார்களாம். இங்கேயும் தமிழர்கள் கூடுகிற கோடைப் போட்டிகளுக்கு ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிறவர்கள்கூட, "உங்கடை நெட் வந்திட்டாரோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அந்தக் கோடை முழுக்கப் பயிற்சி. புல்வெளியில் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் எங்கோ கிடைத்த இரும்புக் கம்பம். பந்து கால்வாயில் விழுந்தால் யாராவது குதிப்பார்கள். இவ்வளவு ஒழுங்காக எங்கள் ஆட்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து நித்திரை கொள்ளாமல் வந்தார்கள். சிகரெட்டைக் குறைத்தார்கள். அந்த ஒழுங்கையெல்லாம் அவர்கள் பிழையான ஆட்டத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள்.

விழா நாள். பக்கத்து நகரத்து மைதானம். துருக்கியர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள், மேளம், கொடி, அம்மாமார், பட்டுச் சட்டைக் குழந்தைகள். போலந்து, போர்த்துக்கல், குரோவாசியா, வியட்நாம். நாங்கள் ஏழு ஆண்கள், நான், நெட் அண்ணையின் மனைவி, இரண்டு பெரிய சட்டி ரோல்ஸ். ஒவ்வொரு நாடும் உணவு மேசை ஒன்றும் வைக்க வேண்டுமாம். வாசலில் நின்ற பெண் எங்கள் பெயரட்டையைத் தேடினாள். அதன் பின்னால் நடப்பதற்கு இன்னும் சம்மதம் வரவில்லை என்பதை நான் அவளுக்கு எப்படி விளக்குவது. அவள் பொறுமையிழந்து ஒரு பெட்டி மட்டையில் 'தமிலன்' என்று ஜெர்மன் எழுத்தில் கிறுக்கிக் கையில் தந்தாள். அப்படித்தான் ஏழு பேர் கொண்ட ஒரு தேசம் மைதானத்தைச் சுற்றி நடந்தது. துருக்கியர்களுக்கும் போர்த்துக்கீசருக்கும் நடுவில், மேளமில்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கப்டன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அவர் எந்த நாட்டுக்காகவும் நடக்கவில்லை, சனிக்கிழமைக்காக நடந்தார்.

எல்லாப் போட்டிக்கும் அதே ஏழு பேர். கயிறு இழுத்தலில் துருக்கியர்கள் எங்களைக் கயிறோடு சேர்த்துப் பார்சல் எடுப்பதுபோல் எடுத்தார்கள். ஓட்டத்தில் என் கணவர் வேலைச் சப்பாத்தோடு ஓடிக் கடைசிக்கு முதல் வந்தார். "எனக்குப் பின்னாலையும் ஒரு நாடு இருக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

முதல் கரப்பந்து ஆட்டம் போர்த்துக்கீசரோடு. பதினைந்து புள்ளிக்கு ஒரே செட். அந்தக் காலத்து விதிப்படி சேர்விஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி விழும். மற்ற அணி அந்தப் பந்தை வென்றால் சேர்விஸ் மட்டும் கைமாறும். என் கணவர் சேர்விஸ் போட்டார். நெட் அண்ணை அடித்தார். ஒன்று. மறுபடி. இரண்டு. மறுபடி. மூன்று. போர்த்துக்கீசர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கப்டன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதரின் பற்களை அன்றுதான் முழுதாகக் கண்டேன்.

பிறகு ஒரு பந்தை இழந்தோம். சேர்விஸ் அவர்களிடம் போனது. அடுத்த பந்தை வென்று அதைத் திருப்பி வாங்கினோம். என் கணவர் வழமைபோல் பந்தை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்ச் சேர்விஸ் போட்டார்.

விசில்.

நடுவர் வயதான ஜெர்மன்காரர். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைத் தலை. அவர் சுட்டுவிரலை ஆகாயத்தில் வைத்து வட்டமாகச் சுற்றினார். பந்தை எதிரணிக்குக் கொடுத்தார்.

"பந்தை மாத்தச் சொல்லுறான்" என்றார் ஒருவர்.

"இல்லையடா, கையைச் சுழட்டி வோர்ம்-அப் பண்ணச் சொல்லுறான் போலை" என்றார் கப்டன். சொல்லிவிட்டு உண்மையாகவே தன் கையைச் சுழற்றினார்.

மறுபடி பந்தை வென்றோம். மறுபடி என் கணவர் சேர்விஸ். மறுபடி விசில், மறுபடி விரல். நான் நடுவரிடம் ஓடினேன். அவர் எரிச்சல்படவில்லை. கோட்டுக்கு வெளியே புல்லில் இறங்கி, ஆறு இடங்களையும் தானே ஒவ்வொன்றாக நடந்து காட்டினார். சேர்விஸ் திரும்ப வாங்கிய ஒவ்வொரு தடவையும் ஆறு பேரும் மணிக்கூட்டின் முள் போகிற பக்கமாக ஓர் இடம் நகர வேண்டும். முன்னால் நிற்பவர் பின்னால் வருவார், பின்னால் நிற்பவர் முன்னால் போவார், சேர்விஸ் ஒவ்வொருவரிடமும் போகும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலேயே அது கேட்டது.

நான் திரும்பி வந்து சொன்னேன். ஆறு பேரும் என்னை, கோயிலில் அபத்தம் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அப்ப நெட்டுக்கு ஆர் நிக்கிறது?" என்றார் கப்டன்.

"எல்லாரும் அண்ணை. மாறி மாறி."

"இவரும் நெட்டுக்கோ?" என்று என் கணவரைக் காட்டினார்.

"ஒரு கதிரை தந்தால் நிப்பன்" என்றார் என் கணவர்.

நெட் அண்ணை நெட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல, "நான் பின்னுக்குப் போறேல்லை. ஊரிலை கேட்டாலும் சிரிப்பாங்கள்" என்றார்.

கப்டன் நிலத்தைப் பார்த்து யோசித்தார். "சரி. அவங்கள் முடிக்கத்தான் சொன்னவங்கள், வெல்லச் சொல்லேல்லை. பந்தை விழாமல் பாருங்கோ, காணும்."

அப்படியொரு ஆட்டத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் பந்தைத் தூக்குவதில் சூரர்கள். போர்த்துக்கீசர் என்ன அடி அடித்தாலும் பந்து லேசில் நிலத்தைத் தொடவில்லை. தூக்கித் தூக்கி, நெட் அண்ணை அடித்து, பந்தை வெல்வார்கள். உடனே என் கணவர் சேர்விஸ் போடுவார். உடனே விசில். பந்து அந்தப் பக்கம். மறுபடி வெல்வார்கள், மறுபடி விசில். நாங்கள் வென்ற ஒவ்வொரு பந்தும் ஒரு விசிலுக்கு மட்டுமே பயன்பட்டது. எங்கள் மூன்று புள்ளி மூன்றாகவே நின்றது. எப்போதாவது நாங்கள் தவறவிட்ட பந்துகளில் எதிர்ப்பக்கம் ஒன்று ஒன்றாக, பழைய குழாயில் தண்ணீர் சொட்டுவதுபோல், பதினைந்துக்கு ஏறியது. பக்கத்து மைதானத்தில் அதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்குத் தொண்டை போய்விட்டது. நல்லாய் ஆடுகிறீர்கள், நல்லாய் ஆடுகிறீர்கள், ஓர் அடி எடுத்து வையுங்கோ, ஒரே ஓர் அடி.

வைக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் போலந்தோடு. அதற்கு முன் என் கணவர் ஒரு சூழ்ச்சி கண்டுபிடித்தார். நெட் அண்ணை நின்ற இடத்திலேயே நிற்க, மற்ற ஐந்து பேரும் அவரைச் சுற்றிச் சுழல்வது. நடுவர் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார் என்பது கணக்கு. நடுவர் எண்ணினார். விரல் மடக்கி எண்ணி, மூன்றாவது சுற்றில் விசில் ஊதிவிட்டார். பிறகு எந்தப் பக்கம் சுழல்வது என்பதே குழம்பி, இரண்டு பேர் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு, "அது என்ரை இடம்" "என்ரை இடமெடா" என்று நின்றார்கள். சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல. கை தட்டினார்கள், ஒவ்வொரு விசிலுக்கும். ஒரு பெண் என் தோளைத் தொட்டு, உங்கள் நாட்டில் இதை இப்படித்தான் ஆடுவார்களா, எவ்வளவு அழகு என்றாள். அழகாம். ஒரு முழுக் கோடையை எரித்துவிட்டு வந்து நிற்கிற எங்களிடம் அழகு என்று சொல்ல அவளுக்கு என்ன துணிச்சல். அதே மூச்சில் அந்த எண்ணெய்ப் பலகாரம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்றும் கேட்டாள். எங்கள் ரோல்ஸ் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. நெட் அண்ணையின் மனைவி, ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லாமல், கொதிக்கிற சட்டிக்கு முன் நின்று பொரித்துக்கொண்டிருந்தாள்.

போலந்துக்கும் தோற்றோம். நடுவர் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இன்னோர் ஆட்டம் இருக்கிறது. சுழன்றால் நடத்துவேன். சுழலாவிட்டால் முதல் பிழையோடு நிறுத்தி, இந்த அணி ஆடவில்லை என்று குறிப்பேன். மற்ற அணிக்கும் மரியாதை கொடுக்க வேண்டும்."

அது நியாயம். நியாயமாக இருந்தபடியால்தான் எனக்கு அழுகை வந்தது.

கப்டனிடம் சொன்னேன். அவர் நேரே ரோல்ஸ் மேசைக்குப் பின்னால் போனார். அங்கே நெட் அண்ணை ஒரு போத்தல் பெட்டியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்தார். நானும் பின்னால் போனேன். போயிருக்கத் தேவையில்லை.

"மச்சான், ஒருக்கால் பின்னுக்கு வா."

"ஏலாது."

"உன்ரை பேர் ஒண்டும் கெட்டுப் போகாது. இஞ்சை ஆரடா எங்களைத் தெரிஞ்சவன்?"

"பேருக்கில்லை."

"பின்னை என்னத்துக்கு?"

நெட் அண்ணை மனைவியின் முதுகைப் பார்த்தார். அவளுக்குக் கேட்காது, எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது. என்னையும் பார்த்தார். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றேன்.

"எனக்குக் கீழ்ப்பந்து எடுக்கத் தெரியாது" என்றார். "ஒருநாளும் எடுத்ததில்லை. சின்னனிலை இருந்து உயரம் எண்டு நெட்டுக்கு விட்டவங்கள். பந்து பின்னுக்கு எப்பிடி வரும், கையை எப்பிடிப் பிடிக்கிறது, ஒண்டும் தெரியாது. இவ்வளவு சனத்துக்கு முன்னாலை, அவளுக்கும் முன்னாலை, ஏலாது மச்சான்."

எனக்கு அந்த ஆளின் மேல் இருந்த கோபமெல்லாம் நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தது. இவ்வளவு நேரமும் திமிர் என்று நினைத்திருந்தேன். அது பயம். இவ்வளவு உயரமான பயம்.

கப்டன் அவருக்கு முன்னால் குந்தினார்.

"தெரியாட்டிலும் பரவாயில்லை. வந்து நில். பந்து விழட்டும். அடுத்த ஆட்டம் முடிஞ்சால் ஹோல். ஹோல் வந்தால் சனிக்கிழமை சனிக்கிழமை நான் உனக்குக் கீழ்ப்பந்து பழக்கிறன். ஏப்ரல்வரை நேரம் கிடக்கு."

"உனக்கு அவ்வளவு வேணுமோ உந்த ஹோல்?"

"வேணும்" என்றார் கப்டன்.

மூன்றாவது ஆட்டம் குரோவாசியரோடு. அவர்கள் ஒழுங்கான அணி, ஒரே அளவில் ஆறு பேர். எங்கள் ஆட்கள் சுழன்றார்கள். நான் கோட்டோரம் நின்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தேன், "அண்ணை நீங்கள் இஞ்சாலை, இஞ்சேருங்கோ நீங்கள் முன்னுக்கு." என் கணவர் நெட்டுக்கு வந்தார். நெட்டின் கீழ்க் கயிறு அவர் நெற்றிக்கு நேரே. அவர் துள்ளித் துள்ளி வெறும் காற்றை அடித்தார். சனத்துக்குக் கொண்டாட்டம்.

நெட் அண்ணை பின்வரிசைக்கு வந்தார். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார், யாரோ கைக்குழந்தையைத் தரப்போகிறார்கள் என்பதுபோல். குரோவாசியர்கள் ஒரே பந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு என்றால் அப்படித்தான், ஓட்டை எங்கேயோ பந்து அங்கே. அடுத்த சேர்விஸ் அவருக்கு. நெஞ்சில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் அவருக்கு. தோளில். அடுத்தது முகத்துக்கு, அவர் கையால் முகத்தை மூடினார், பந்து முழங்கையில் பட்டு உணவு மேசைகளின் பக்கம் உருண்டது. அதை எடுத்து வந்து கொடுத்தது அவருடைய மனைவி. அவள் பந்தைக் கொடுத்துவிட்டு நின்று அவரைப் பார்த்தாள். என்ன இடத்தில் நிற்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அப்படிப் பின்னுக்கு நின்று அவள் அவரைக் கண்டதேயில்லை.

அவர் ஓடவில்லை. அதை நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விசிலுக்கும் திரும்பி அதே இடத்துக்கு வந்து, அதே பிழையான கைகளை அதே மாதிரி நீட்டினார். பக்கத்தில் நின்ற கப்டன் அவருடைய பந்தையும் எடுக்கப் பாய்ந்து பாய்ந்து முழங்கால் இரண்டும் தோல் உரிந்தது. பதினைந்துக்கு இரண்டு. நல்ல வேகத்தில் முடிந்தது. நடுவர் வந்து எல்லாருடைய கையையும் குலுக்கினார். நெட் அண்ணையின் கையைச் சற்றுக் கூடுதலான நேரம் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம். அப்படி இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முடித்துவிட்டோம். மூன்றும். கப்டன் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, "வாரும் தங்கச்சி, ஆள் அங்கை நிக்கிறார்" என்றார்.

விளையாட்டு அலுவலகத்து மனிதர் எங்கள் மேசைக்கு முன்னால் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்துக் கண்ணாடியில் ரோல்ஸ் தூள். எங்களைக் கண்டதும் கைகளை அகல விரித்தார். அருமை, அருமை, எங்கள் விழாவின் மிகச் சிறிய நாடு, ஆனால் எல்லாருக்கும் பிடித்த நாடு என்றார்.

"மூன்று ஆட்டமும் முடித்துவிட்டோம்" என்றேன். "சனிக்கிழமை மண்டபத்துக்கு இனி என்ன செய்ய வேண்டும்?"

"சனிக்கிழமையா?" அவர் மென்றுகொண்டே யோசித்தார். "இந்தக் குளிர்காலத்து மண்டபங்களை மே மாதமே பிரித்துக் கொடுத்துவிட்டோமே. உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"நீங்கள் பிரச்சினையே இல்லை என்றீர்கள்."

"இல்லைத்தான். இப்போது நீங்கள் ஓர் அணி. வருகிற மே மாதம் அன்ட்றாக், விண்ணப்பம், போடுங்கள், அதற்கடுத்த குளிர்காலத்துக்குப் பார்க்கலாம். அடுத்த வருடம் விழாவுக்கும் கட்டாயம் வர வேண்டும்." மற்ற கையிலிருந்த ரோல்ஸைத் தூக்கிக் காட்டினார். "இதையும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டும்."

அவர் பொய்யர் இல்லை. பொய்யராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். மே மாதம் என்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்று அவர் நினைத்தார். சுழல்வது எல்லாருக்கும் தெரியும் என்று நடுவர் நினைத்ததுபோல. நெட்டுக்கு நிற்பவர் நெட்டுக்குத்தான் என்பது உலகம் முழுக்கத் தெரியும் என்று நாங்கள் நினைத்ததுபோல. அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அதனால் அதன் மேல் எறிவதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இத்தனை வருடம் சொற்களோடு வாழ்ந்தும், அந்த மேசைக்கு முன்னால் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

கப்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"பிரச்சினையே இல்லை எண்டவர்?"

"ஓம் அண்ணை."

"அண்டைக்கு நீர் சரியாத்தான் மொழிபெயர்த்தனீரோ?"

கேட்டதும் அவரே கண்ணைத் தாழ்த்தினார். "விசர்க் கதை கதைக்கிறன், மனசிலை வைச்சிருக்காதையும்" என்றார். உரிந்த முழங்காலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அதைச் செய்து முடிக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. பிறகு தலையை நிமிர்த்தாமல், "மற்றவைக்கு இப்ப சொல்லாதையும். நான் ஆறுதலாச் சொல்லுறன். முக்கியமா நெட்டுக்கு நிக்கிற உவனுக்கு" என்றார்.

மாலையில் டிராம் தரிப்பிடத்தில் பிரிந்தோம். என் கணவர் காலிச் சட்டிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு குழந்தைக்கு வேடிக்கை காட்டினார். நெட் அண்ணைக்கு இரவு வேலை, நேரே பிற்ஸாக் கடைக்குப் போக வேண்டும், மனைவி எங்களோடு வருவதாக இருந்தது. அவருடைய கழுத்தடியில் பந்து பட்ட இடம் சிவந்து, பனியனின் பச்சைக்கு மேலே தெரிந்தது. டிராம் வந்தது. அவர் ஏறி, கதவடியில் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"என்ன மச்சான், ஹோல் தருவினமாமோ?"

கப்டன் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் ஓம். பாக்கிறம் எண்டு சொன்னவை."

"நல்லது. ஆனால் ஒண்டு, இப்பவே சொல்லிப்போட்டன். சனிக்கிழமை நான் நெட்டுக்குத்தான் நிப்பன்."